எச்சில் கை

கொலைகாரி. அந்த வார்த்தையைத்தான் சொன்னாள், என்னோடு நடக்க வருகிறவள் ஒருத்தி. பூங்காவில், அருகம்புல் சாறு விற்கிறவரும் யோகா வகுப்புக்கு வந்தவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, என் முகத்துக்கு நேரே. கொலைகாரி! நான் ஒரு கோழியை அறுத்தவளில்லை. அறுத்துக் கொடுத்தால் குழம்பு வைப்பேன். எனக்கும் ரத்தத்துக்கும் அவ்வளவுதான் சம்பந்தம்.

நீ இந்தப் பக்கம் மாறி உட்கார்ந்துகொள். எனக்கு இடது காது கேட்காது. ஆமாம், அங்கேதான். இந்த பஸ்ஸில் தொண்டி வரைக்குமா போகிறாய்? நல்லது. நான் திருவாடானையில் இறங்கிவிடுவேன். அதுவரை பேசிக்கொண்டு வந்தால் உனக்குத் தொந்தரவு இல்லையே? பேச ஆளில்லாமல் போய்விட்டது எனக்கு. வீட்டில் மிக்ஸியோடு பேசுகிறேன்.

நாலு பெண்கள், மாசம் ஒரு புது ஹோட்டல். போய் உட்கார்ந்து, சிரித்து, சாப்பிட்டுவிட்டு வந்தோம். நடந்தது அவ்வளவுதான். கேட்டுவிட்டு நீயே சொல், இதில் கொலை எங்கே வந்தது?

நாலு பேரும் காலையில் நடக்கப் போய்ப் பழகினவர்கள். எனக்குச் சர்க்கரை. ஸ்டெல்லாவுக்கு முழங்கால், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரஹ்மத் தையல் கடை வைத்திருக்கிறாள். புருஷன் சவுதியில், தம்மாமில். வாய் கொஞ்சம் நீளம். அரசிதான் எங்களில் சின்னவள். மங்கையர்க்கரசி என்று முழுப்பெயர். அவளுக்குச் சர்க்கரையும் இல்லை, கொழுப்பும் இல்லை. எதற்கடி நடக்க வருகிறாய் என்று கேட்டால், "வீட்ட விட்டு வெளிய வர இது ஒண்ணுதாங்க்கா சாக்கு" என்பாள். கள்ளி.

ஹோட்டல் யோசனை ரஹ்மத்துடையது. "ஊரெல்லாம் மதுரைக்குச் சாப்பிட வர்றான். நம்ம மதுரையிலயே பொறந்து வீட்டு ரசத்த குடிச்சே சாகப் போறோமா?" என்றாள். "நடந்து கரைச்சதெல்லாம் மறுபடி வந்து ஒட்டிக்கும்டி" என்றாள் ஸ்டெல்லா. "ஒட்டட்டுமே. அப்பத்தான மறுபடி நடக்கலாம்." அப்படித்தான் ஆரம்பித்தது. மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒரு தடவை போன இடத்துக்கு மறு தடவை போகக்கூடாது.

அரசியை மட்டும் வீட்டில் விட மாட்டார்கள் என்றாள். எங்கள் நாலு பேரில் அவளுக்குத்தான் வீட்டில் ஆண்பிள்ளை. நான் விடுவேனா? நானே போய் அவள் வீட்டுக்காரரிடம் பேசினேன். குருநாதன். எவ்வளவு மரியாதையான மனுஷர் என்கிறாய்! வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "அக்கா, நீங்க கூட இருக்கீங்கன்னா எனக்கென்ன கவல? தாராளமா வரட்டும். போயிட்டு வந்ததும் எனக்கு ஒரு போன் மட்டும் போட்டு, என்ன சாப்பிட்டா, எப்படி இருந்தான்னு சொல்லிருங்க. அவகிட்ட கேட்டா ஒழுங்காச் சொல்ல மாட்டா" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது அம்மா. நான் என்ன சாப்பிட்டேன் என்று என் வீட்டுக்காரர் கடைசிவரை கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டதில்லை. குழம்பில் உப்புக் கூடிப்போன ஒரு நாள் குழவியை எடுத்து எறிந்தார், அதில் போனதுதான் இந்தக் காது. அதை நான் யாரிடமும் குறையாகச் சொல்வதில்லை. ஆண்பிள்ளை என்றால் கை நீளத்தான் செய்யும். ஆனால் பெண்டாட்டி எதைத் தின்றாள், எப்படித் தின்றாள் என்று விசாரிக்கிற ஆண்பிள்ளையை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அது என் பொறுப்பு. அவருக்கு ஒரு பார்சல் கட்டச் சொல்வதும் நான்தான், வந்து போன் போடுவதும் நான்தான். வீட்டில் ஒருத்தர் பசித்திருக்க, நாம் மட்டும் தின்றால் வயிற்றில் ஒட்டுமா?

முதலில் போனது ஒரு பரோட்டா கடை. வாசலிலேயே கல். மாஸ்டர் மாவை வீசி வீசி அறைகிறார். வெந்ததை அடுக்கிவைத்து, இரண்டு கையாலும் பக்கத்துக்குப் பக்கம் அடிக்கிறார். பட், பட், பட். அரசி சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி வேடிக்க?" என்றேன்.

"இல்லக்கா, அந்த அடி அடிச்சாத்தான் மெத்துனு ஆகுமாம். எங்க வீட்டுலயும் அதே நெனப்புதான் போல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர அப்படி ஒரு சிரிப்பு. ரஹ்மத் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். வேடிக்கையாகப் பேசினால் சிரிக்க வேண்டாமா?

வந்ததும் போன் போட்டேன். "தம்பி, உங்க வீட்டம்மா இன்னைக்கு நல்லாச் சாப்பிட்டா. பரோட்டா மாஸ்டரப் பாத்து ஒரே சிரிப்பு. கண்ணுல தண்ணி வந்துருச்சு."

"அப்படியாக்கா? மாஸ்டர் எப்படி, வயசானவரா?"

"இல்ல தம்பி, சின்ன வயசுதான். நல்ல தேகக்கட்டு."

"ரொம்ப நன்றிக்கா."

எவ்வளவு அக்கறை பார். அந்த வாரம் முழுக்க அரசி நடக்க வரவில்லை. பிறகு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். மெட்ராஸ் ஐ என்றாள். "என்னப் பாக்காதடி, ஒட்டிக்கும்" என்று நான் ஒரு சுற்று தள்ளியே நடந்தேன். ஸ்டெல்லா மட்டும் பக்கத்தில் போய்க் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். நர்ஸ் புத்தி. பார்த்துவிட்டு மறுபடி மாட்டிவிட்டாள். அப்புறம் வெகுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

அடுத்து நாட்டுக்கோழி மெஸ். நான் தேர்ந்தெடுத்த இடம். அங்கே போய் இவள் கேட்டது என்ன தெரியுமா? இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். எனக்கு வந்தது கோபம். "கோழிக் கடைக்கு வந்து காய்ச்சக்காரி மாதிரி இடியாப்பம் கேக்குறியே, நான் கூட்டிட்டு வந்த கட அவ்வளவு எளக்காரமா?" என்று ஒரு தொடைக்கறியை எடுத்து அவள் இலையில் வைத்தேன். வாயில் வைத்தாள். வைத்தவள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். மெல்லவில்லை. எடுத்து இலை ஓரத்தில் வைத்தாள். கறியில் ரத்தம். சரியாக வேகவில்லை போலிருக்கிறது என்று நான் சப்ளையரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

"அக்கா, கத்தாதீங்க. அது கோழி ரத்தம் இல்ல" என்றாள் ஸ்டெல்லா.

பின்பல் இரண்டு ஆடிக்கொண்டிருந்ததாம். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள் அரசி. அதற்கு முன்பும் விழுந்திருக்கிறாள். தோளில், இடுப்பில், கழுத்தில் எல்லாம் விழுந்த தழும்பு இருக்கும். நான் அன்று சாயங்காலமே ஒரு ரப்பர் மேட் வாங்கிக்கொண்டு போய், அவள் வீட்டுப் பாத்ரூமில் என் கையாலேயே விரித்துவிட்டு வந்தேன். குருநாதன் தம்பி கைகூப்பினார். "எங்களுக்குத் தோணலையேக்கா." அதை நான் பூங்காவில் சொன்னபோது ரஹ்மத் என்ன சொன்னாள் தெரியுமா? "அந்த மேட்ட அந்தாளு கையில சுத்தி விட்டுருக்கணும் பாக்கியக்கா." எல்லாரையும் சந்தேகப்படுகிற புத்தி.

அதன் பிறகு எந்த ஹோட்டலுக்குப் போனாலும் அவள் கேட்பது கஞ்சி, ரசம் சாதம், குழைந்த பொங்கல். நெஞ்செலும்பு சூப் வாங்கிக் கொடுத்தால் எலும்பை விட்டுவிட்டுச் சாறை மட்டும் குடிப்பாள். இதையும் நான் தம்பியிடம் சொன்னேன். மறைக்க இதில் என்ன இருக்கிறது? "வெளியில வந்து ஏழை வீட்டுச் சாப்பாடு கேக்குறா தம்பி, எனக்கே கூச்சமா இருக்கு" என்றேன். "நம்மளப் பத்தி நாலு பேர் என்ன நெனப்பாங்க? நான் சொல்லி வைக்கிறேன்க்கா" என்றார்.

ஒரு நாள் பூங்காவில், மற்ற இரண்டு பேரும் முன்னால் போய்விட்டார்கள். அரசி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். புங்கமரத்தடி. பூ கொட்டிக் கிடந்தது, மிதிக்கவே மனசு வராது. அங்கே நின்றுகொண்டு, "அக்கா, போன்ல ஒண்ணும் சொல்லாதீங்கக்கா" என்றாள்.

"ஏன்டி?"

"தயிர்சாதம் சாப்பிட்டா, பேசாம உக்காந்திருந்தான்னு மட்டும் சொல்லுங்க. நீங்க சொல்றதெல்லாம் வச்சு வச்சு அடிக்கிறாருக்கா. யாரப் பாத்துச் சிரிச்ச, எத்தன தடவ சிரிச்சன்னு. பார்சலப் பிரிச்சு என் வாயில திணிச்சு, இதத் தின்னுட்டு எப்படிச் சிரிச்சியோ அப்படிச் சிரி, சிரின்னு... கொன்னுருவாருக்கா ஒரு நாள்."

சொன்னாள். சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குப் பொய் வராது அம்மா. அறுபது வயசுக்கு மேல் பொய் பழக முடியுமா? அதோடு, புருஷன் பெண்டாட்டி நடுவில் பெரியவள் ஒருத்தி இருந்தால் நல்லதைத்தானே செய்ய வேண்டும்? அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டேன். "தம்பி, அரசி உங்களப் பாத்துப் பயப்படுறா. அடிக்கிறீங்கன்னு எங்கிட்ட சொல்லி அழுதா. கொஞ்சம் அன்பா வச்சுக்கங்க" என்று பக்குவமாகச் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகிறார். ஒரு ஆண்பிள்ளை, போனில், தேம்பித் தேம்பி. எவ்வளவு நல்ல மனசாக இருந்தால் அப்படி அழுவார்?

அடுத்த மாசம் அவள் வலது கையில் மாவுக்கட்டு.

அந்த முறை பிரியாணிக் கடை. அரசி இடது கையால் சாப்பிட்டாள். நாலு பேர் பார்க்கிற இடத்தில், இடது கையால் சோறு. எனக்கு உடம்பு கூசியது. ஸ்பூன் கேளடி என்றேன். ஸ்பூனையும் அந்தக் கையில்தானே பிடிக்கணும் என்றாள் ரஹ்மத். என்றவள், தன் தட்டிலிருந்தே பிசைந்து, கறியைப் பஞ்சு பஞ்சாகப் பிய்த்து அவளுக்கு ஊட்டிவிட்டாள். தான் ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். ஒரே கை. எச்சில் என்று ஒன்று இருப்பதே அவர்கள் இரண்டு பேருக்கும் நினைவில்லை. அரசி குழந்தை மாதிரி வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டாள். நான் என் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டேன். எச்சில் விஷயத்தில் நான் கண்டிப்பானவள். வளர்ந்த விதம் அப்படி.

இதையும் சொன்னேன் தம்பியிடம். "ஊட்டிவிட்டாளா? யாரெல்லாம் பாத்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

கடைசியாகப் போனது மீன் சாப்பாட்டுக் கடை. மாடியில் கூடம், வாழையிலை. கட்டுப் பிரித்திருந்தார்கள், அரசி தன் கையால் சாப்பிட்டாள். கூட ஒரு துணிப்பை கொண்டு வந்திருந்தாள். மடியிலேயே வைத்திருந்தாள். கீழே வையடி என்றால் வைக்கவில்லை. மூன்று பேரும் மாடிப்படியைப் பார்ப்பதும் ஒருத்தியை ஒருத்தி பார்ப்பதுமாக இருந்தார்கள். என்னவோ எனக்குத் தெரியாமல் நடக்கிறது. நான்தான் மூத்தவள், எனக்குத் தெரியாமல்! பாதிச் சாப்பாட்டில் அரசி எழுந்தாள். "கை கழுவிட்டு வர்றேன்." பையோடு போனாள். ரஹ்மத்தும் எழுந்தாள். அந்த நேரம் பார்த்துத் தம்பியிடமிருந்து போன்.

"எங்கக்கா அவ?"

"கை கழுவப் போயிருக்கா தம்பி. பையத் தூக்கிட்டு."

"பையா? என்ன பை?"

"துணிப்பை. ரஹ்மத்துகிட்ட தைக்கக் குடுக்கவா இருக்கும்."

போன் நின்றுவிட்டது. ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "அக்கா, எந்தக் கடைன்னு அவனுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாமல்? போகும்போதே நான் சொல்லிவிடுவேனே, இன்ன கடை என்று.

குருநாதன் தம்பி கடை வைத்திருப்பது அடுத்த தெருவில்தான். இருந்தும் அரசி தப்பித்திருப்பாள் என்கிறார்கள். கீழே ரஹ்மத் ஸ்கூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இவள் பாதிப் படி இறங்கிவிட்டு மறுபடி மேலே வந்தாள். எதற்குத் தெரியுமா? என்னிடம் சொல்லிக்கொள்ள. என் தோளில் கை வைத்து, "அக்கா, போயிட்டு வர்றேன்க்கா. மாத்திரைய மறக்காமப் போடுங்க" என்றாள். அதற்குள் அவர் படியேறிவிட்டார்.

முடியைப் பிடித்தார். அவள் முகத்தைக் கொண்டுவந்து மேஜையில் மோதினார். என் இலையில், அம்மா. என் குழம்பில் அவள் நெற்றி. தூக்கினார், மறுபடி மோதினார். டம்ளர் எல்லாம் உருண்டது. எது குழம்பு எது ரத்தம் என்று தெரியவில்லை. ஒரு பல் வந்து உப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. பாதிச் சீலாமீன் அப்படியே இருந்தது, அதற்குமேல் எப்படிச் சாப்பிடுவது?

கூடம் முழுக்க ஆட்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். எல்லார் வலது கையும் சோறும் குழம்புமாக, உடம்பில் படாமல் தள்ளி, அந்தரத்தில் நின்றது. ஒருத்தரும் கிட்டே வரவில்லை. எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன் என்று கருமியைத்தான் சொல்வோம். அன்றைக்கு அந்தக் கூடமே அப்படி நின்றது. எச்சில் கையால் எப்படி ஒரு வெள்ளைச் சட்டைக்காரரைத் தொடுவது? நானும் பெரியவளாக நடுவில் புகுந்து விலக்கிவிடத்தான் நினைத்தேன். ஆனால் கை? கழுவிவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். அங்கே எனக்கு முன்னால் இன்னும் சிலர் அதே எண்ணத்தோடு நிற்கிறார்கள். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. மீன் வாடை சோப்பு போட்டால்தானே போகும்? பின்னால் ஒவ்வொரு மோதலும் கேட்டது. இந்த ஒரு காதில் கேட்டதே போதும் என்றிருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு நான் திரும்பும்போது, கீழேயிருந்து ரஹ்மத் ஓடிவந்துவிட்டாள். கை கழுவாமலே போனவள், கழுவாமலே வந்தாள். அந்தக் கையாலேயே விட்டாள் ஒரு அறை, அவர் கன்னத்தில். இன்னொன்று. சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். ஸ்டெல்லா முழங்கால் வலியெல்லாம் மறந்து பின்னாலிருந்து அவர் கழுத்தைக் கட்டித் தொங்கினாள், அவள் கையும் சோறுதான். பிடி தளர்ந்தது. அரசி எழுந்தாள். முகம் முகமாக இல்லை. பக்கத்தில் சப்ளையர் கையில் ரச வாளி, ஆவி பறக்க. அதைப் பிடுங்கி அப்படியே அவர் மார்பில் ஊற்றினாள். காலி வாளியால் தலையில் ஒன்று போட்டாள். அந்த ஒல்லிக் கைக்கு அவ்வளவு பலமா என்றிருந்தது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ரஹ்மத்தின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அப்புறம் அவளை மதுரையில் யாரும் பார்க்கவில்லை.

நான்தான் தம்பியை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மார்பு வெந்து கொப்புளம் கிளம்பிவிட்டது. அதைக்கூட அவர் பெரிதாகச் சொல்லவில்லை. சட்டையைப் பார்த்தார். ஐந்து விரலும் மஞ்சளாக, அச்சு மாதிரி. "எச்சக் கையால அடிச்சுட்டாளுகளேக்கா" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. எது வேண்டுமானாலும் நடந்திருக்கட்டும், எச்சில் கையால் ஒரு ஆண்பிள்ளையை அடிக்கலாமா? நீயே சொல்.

ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாய்? தண்ணீர் வேண்டுமா? காளையார்கோவில் தாண்டிவிட்டோம் போலிருக்கிறது.

மறுநாள்தான் பூங்காவில் அந்த வார்த்தை. கொலைகாரி. "அவ செத்துருந்தா உங்க இலையிலதான் செத்துருப்பா. நீங்க கை கழுவிக்கிட்டு இருந்திருப்பீங்க" என்றாள் ரஹ்மத். நான் கழுவினது விலக்கிவிடத்தானே? அதைச் சொல்ல விடவில்லை. அன்றோடு சாப்பாடும் போயிற்று, பேச்சும் போயிற்று. இப்போது அவர்கள் இரண்டு பேரும் பூங்காவை எதிர்த் திசையில் சுற்றுகிறார்கள். என் பின்னால் வரக்கூடாதாம். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் நேருக்கு நேர் வருகிறார்கள். வரும்போது தரையைப் பார்ப்பார்கள். தரையில் என்ன இருக்கிறது? உதிர்ந்த பூதான் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகவே ஒரு புது ஹோட்டலுக்குப் போனேன். "எத்தனை பேர்மா?" என்று கேட்டான். நாலு என்றேன், வாய் தவறி. நாலு இலை போட்டுவிட்டான். மூன்றை நானே மடித்துக் கொடுத்தேன்.

இந்த மாசம் திருவாடானைக் கோயிலுக்கு ஒரு வேன் கிளம்பியது, நானும் போனேன். மத்தியானம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்ன மெஸ்ஸில் இறக்கிவிட்டார்கள். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வைக்கிற கையைப் பார்க்கிறேன். மணிக்கட்டு ஒரு பக்கம் கோணி இருக்கிறது. நிமிர்ந்தால் அரசி! சமையலும் அவள்தானாம், பரிமாறுவதும் அவள்தானாம். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். நெற்றியில் ஒரு கோடு. முன்பல் இல்லை, ஆனால் வாயை மூடிக்கொள்ளாமல் சிரிக்கிறாள். அடுப்படியில் இருக்கிற பெண்ணிடம் என்னவோ கத்தினாள், அவள் பதிலுக்குக் கத்தினாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். இப்படிச் சத்தமாகச் சிரிக்கிறவளா இவள் என்று எனக்கே ஆச்சரியம்.

என்னைப் பார்த்ததும் என் பின்னால் வாசலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். "மெலிஞ்சுட்டீங்களேக்கா" என்று இன்னொரு கரண்டி போட்டாள். அப்புறம் குனிந்து, என் நல்ல காதில், "நான் இங்க இருக்கேன்னு சொல்லிராதீங்கக்கா. இந்தத் தடவ நெசமாவே கொன்னுருவாரு. சத்தியம் பண்ணுங்க" என்று கையை நீட்டினாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும், சின்னப் பெண் முகம் வாடக் கூடாதென்று, அந்தக் கையாலேயே அடித்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். எச்சில் கையால் செய்த சத்தியம் செல்லுமா? செல்லாது. சத்தியம் என்றால் குளித்து, சுத்தமாக, கற்பூரத்தில் செய்வது. சோற்றுக் கையால் செய்ததை எந்தச் சாமி ஏற்றுக்கொள்ளும்? மனசு தெளிந்துவிட்டது. தம்பிக்குப் போன் போட்டுவிட்டேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? எனக்கு மட்டும் என்ன ஆதாயம்? அவர்கள் சேர்ந்துவிட்டால் அரசி மதுரைக்கு வந்துவிடுவாள். அவள் வந்தால் ரஹ்மத்தும் ஸ்டெல்லாவும் பேசாமல் இருப்பார்களா? மறுபடி நாலு பேர். அடுத்த மாசத்துக்குக் கடைகூடப் பார்த்து வைத்துவிட்டேன். செட்டிநாட்டுக் கடை. இந்தத் தடவை அவள் இடியாப்பம் கேட்டாலும் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

தம்பியும் வந்திருக்கிறார். அதோ, முன்னால், டிரைவருக்குப் பின் சீட்டில், வெள்ளைச் சட்டை. விஷயம் கேட்டு அழவில்லை இந்த முறை. அமைதியாக, "நீங்களும் கூட வாங்கக்கா. உங்களப் பாத்தா வெளிய வருவா" என்றார். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை. காலையில் கடையைத் திறந்து, ஏதோ எடுத்துக்கொண்டு நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். மடியில் இருக்கிற அந்த நீளப் பையில் அவளுக்குப் புடவையாம். கனமாகத் தெரிகிறதே, நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

எந்த மெஸ்ஸா? எதற்குக் கேட்கிறாய்? சாப்பிடப் போகிறாயா? தாராளமாகப் போ. இதோ, அன்றைக்கு எனக்குப் பார்சல் கட்டிக் கொடுத்த பை இதுதான். மாத்திரை வைத்திருக்கிறேன். பேரும் நம்பரும் இதிலேயே இருக்கிறது பார். மெதுவாக, கிழித்துவிடாதே.

யாருக்குப் போன்? சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறாயா? அரசியக்கா இருக்காங்களா என்று கேட்கிறாயே. உனக்கெதற்கு அரசி? அவளேவா பேசுகிறாள்? கொடு, நான் பேசுகிறேன். கொடு அம்மா. எதற்கு அவளிடம் ஓடச் சொல்கிறாய்? பின்வாசலா? எந்தப் பின்வாசல்? என்ன பெண் நீ, நாங்கள் இவ்வளவு தூரம் வந்த பிறகு...

தம்பி! தம்பி, இங்க வாங்க! இந்தப் பொண்ணு அரசிகிட்ட போன்ல பேசுது. ஓடுங்கக்கான்னு சொல்லுது தம்பி!

இதோ எழுந்துவிட்டார். நீ உட்கார். பஸ் ஓடுகிறபோது எங்கே எழுந்திருக்கிறாய்? உட்கார் என்கிறேன். நல்ல மனுஷர், பொறுமையாகத்தான் கேட்பார், நானே எடுத்துச் சொல்கிறேன். பார், பையைப் பிரித்துக்கொண்டே வருகிறார். பயப்படாதே அம்மா. புடவையைக் காட்டத்தான்.